மீளவரும் பகைவனும் மீளவுரைக்கப்படும் பகைவனும்: சித்திரக்கதை எதிர்நாயகனைத் திருகோணமலை மரபின் துணைகொண்டு நோக்கல்

1. முன்னுரை

தலைவனை எதிர்த்து நிற்பவன் இன்றேல் தலைவனின் ஆற்றல் வெளிப்பட வாய்ப்பில்லை. ஆதலால் இதிகாசங்கள் தொடக்கம் இன்றைய படக்கதைகள் வரை எதிர்நிற்கும் பாத்திரம் கதையமைப்பின் இன்றியமையாத உறுப்பாக இருந்து வருகின்றது. பேச்சுவழக்கில் 'வில்லன்' எனச் சுட்டப்படும் இப்பாத்திரத்தை இக்கட்டுரை 'எதிர்நாயகன்' என வழங்கும்.

அமெரிக்காவிலே 1938ஆம் ஆண்டில் சுப்பர்மன் தோன்றியதைத் தொடர்ந்து பெருகிய அதிவீரர் சித்திரக்கதைகள் எதிர்நாயகர்களைப் பெருந்தொகையாகப் படைத்தன. அவர்களுட் சிலர் எண்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து தோன்றி வருகின்றனர். தொடக்கத்தில் வாசகரை நடுங்கவைத்த அப்பாத்திரங்கள், காலப்போக்கில், 'மறுபடியும் இவனா?' என்ற சலிப்பையே தோற்றுவிக்கின்றன. ஒரே பகைவன் அளவுக்கு மீறிப் பயன்படுத்தப்பட்டமையே இதற்குக் காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுகின்றது.

இவ்விளக்கம் முழுமையானதா என்பதே இங்கு எழும் வினா. ஏனெனில், திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் தமிழ் மக்களின் மரபிலே இராவணனும் சூரபதுமனும் சித்திரக்கதைப் பகைவர் எவரையும்விட மிகுதியாக மீண்டும் மீண்டும் பேசப்பட்டவர்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பாடப்பட்டும் ஆடப்பட்டும் வந்த இவர்கள் சலிப்பூட்டவில்லை. ஆகவே, மிகுதியான பயன்பாடு ஒன்றே கவர்ச்சி குன்றுதற்குக் காரணமாயின் இவர்கள் என்றோ மங்கியிருத்தல் வேண்டும். இம்முரண்பாட்டின் காரணத்தைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. அதிவீரர் கதைகளில் எதிர்நாயகனின் தோற்றம்

அதிவீரர் கதைகளின் தொடக்கத்தில் எதிர்நாயகன் என்பான் இன்று நாம் அறிந்த உருவில் இருக்கவில்லை என்பது முதலில் மனங்கொள்ளத்தக்கது. சுப்பர்மனின் முதலாண்டுக் கதைகளை நோக்குமிடத்து, அவன் எதிர்த்தவர்கள் முகமூடியணிந்த விந்தை மனிதர்களல்லர். மனைவியை அடித்துத் துன்புறுத்தும் கணவன், போர்க்கருவி விற்று ஆதாயம் தேடும் முதலாளி, பாதுகாப்பற்ற சுரங்கத்திலே தொழிலாளரை இறக்கிய உடைமையாளன் ஆகியோரே அவன் எதிர்கொண்ட பகைவர்கள். 1930களின் பொருளாதார மந்தத்தாற் பாதிக்கப்பட்ட ஒரு சமுதாயத்தின் குறைகளே அங்கு பகைவர் வடிவம் பெற்றன. அத்தகைய பகைவன் ஒரு கதையில் தோன்றி அக்கதையிலேயே திருந்துவான் அல்லது தண்டனை பெறுவான். அவன் மீண்டும் வருதற்குத் தேவையில்லை.

இந்நிலை விரைவில் மாறியது. 1940இல் பற்மனின் பெயரிலேயே தொடங்கிய இதழின் முதல் எண்ணில் ஜோக்கர் தோன்றினான். அவ்விதழின் இறுதியில் அவன் இறந்துவிடுவதாகவே கதை அமைக்கப்பட்டிருந்தது. எனினும், இத்தகைய ஒரு பகைவனை இழத்தல் தகாது எனக் கருதிய பதிப்பாசிரியர் விற்னி எல்ஸ்வேர்த், அவன் உயிர் பிழைத்தமையைக் காட்டும் ஒரு சட்டகத்தை இறுதியிற் சேர்க்கச் செய்தார். கதையின் தேவை அவனது மரணத்தை வேண்டிற்று. இதழின் தேவை அவனது வாழ்வை வேண்டிற்று. அதிவீரர் கதைகளின் பிற்கால வரலாறு அந்த ஒரு சட்டகத்திலேயே கருக்கொண்டுவிட்டது எனலாம்.

3. கவர்ச்சி தேய்ந்தமைக்கான காரணங்கள்

இதனை ஆராயுமிடத்து நான்கு காரணங்கள் புலப்படுகின்றன.

முதலாவது, உடைமை தொடர்பானது. அதிவீரர் கதைகளிலே பாத்திரங்கள் பெரும்பாலும் அவற்றைப் படைத்த எழுத்தாளருக்கோ ஓவியருக்கோ உரியனவல்ல. பதிப்பு நிறுவனத்துக்கு உரியன. புகழ்பெற்ற பகைவன் ஒருவன் நிறுவனத்தின் மூலதனமாவான். இதழிலும் திரையிலும் விளையாட்டுப் பொம்மையிலும் பயன்தரும் மூலதனத்தை எந்த வணிகரும் அழிக்க விரும்பார். எழுத்தாளர் மாறிமாறி வருவர், பகைவன் மாறான்.

இரண்டாவது, அறக்கட்டுப்பாடு தொடர்பானது. அமெரிக்க சித்திரக்கதைப் பதிப்பாளர்கள் 1954இல் தமக்கெனத் தாமே ஓர் ஒழுக்கக்கோவையை வகுத்துக்கொண்டனர். எந்நிலையிலும் நன்மையே வெல்லவேண்டும், குற்றவாளி தண்டிக்கப்படவேண்டும் என அது விதித்தது. மார்வெல் நிறுவனம் 2001இலும் டீ.சீ. நிறுவனம் 2011இலும் இதனைக் கைவிடும்வரை ஏதோ ஓரளவில் இதன் ஆட்சி நிலவியது. ஒவ்வொரு மாதமும் பகைவன் தோற்றாகவேண்டும். அடுத்து வரும் மாதங்களில் மீண்டும் வந்தாகவேண்டும். இவ்விரு நியதிகளும் ஒருங்குசேர, அவன் தோல்வியே தொழிலாகக் கொண்டவனாகிவிடுகிறான். எத்தனை முறை தோற்றாலும் எதனையும் இழக்காத ஒருவனிடம் அஞ்சுதற்கு என்ன இருக்கிறது?

மூன்றாவது, மிகைப்படுத்தல் தொடர்பானது. பழகிய பகைவனிடம் அச்சம் குறையும்போது கதாசிரியர் அவனது ஆற்றலையோ பகைவர்களின் தொகையையோ கூட்ட முற்படுகின்றனர். 1964இல் ஸ்பைடர்மனின் பகைவர் அறுவர் ஓரணியாகத் திரட்டப்பட்டனர். நகரொன்றைக் காத்தல் என்ற நிலையிலிருந்து உலகைக் காத்தல், பின்னர் அண்டத்தைக் காத்தல் எனக் கதைகள் விரிந்து, 1985இல் டீ.சீ. நிறுவனம் எண்ணற்ற அண்டங்கள் ஒருங்கே அழிவுறும் தொடரொன்றை வெளியிடும் அளவுக்குச் சென்றன. ஒரு குழந்தையின் உயிர் ஆபத்திலிருக்கும்போது எழும் பதற்றம், ஓர் அண்டமே ஆபத்திலிருக்கும்போது எழுவதில்லை. அண்டத்தை நம் மனத்தால் உருவகித்து இரங்குதல் இயலாது.

நான்காவது, மரணம் பொருளிழந்தமை. இதுவே மிக முக்கியமானது. 1964இல் அறிமுகமான கிறீன் கொப்ளின் என்னும் பகைவன், 1973இல் ஸ்பைடர்மனின் காதலியைக் கொன்று அடுத்த இதழிலே தானும் மாண்டான். அக்கதை வாசகரை உலுக்கியது. அதிவீரர் கதைகளிலே மீளமுடியாத இழப்பும் உண்டு என அது உணர்த்தியது. 1996இல் அவன் மீண்டும் உயிருடன் கொணரப்பட்டான். 1988இல் நிகழ்ந்தது இதனினும் கவனத்துக்குரியது. பற்மனின் இளந்துணைவனான ராபின் சாகவேண்டுமா வாழவேண்டுமா என்பதைத் தொலைபேசி வாயிலாகத் தீர்மானிக்குமாறு வாசகர்கள் கேட்கப்பட்டனர். சாகவேண்டும் என 5,343 பேரும் வாழவேண்டும் என 5,271 பேரும் வாக்களித்தனர். ஜோக்கர் அவனைக் கொன்றான். அதன் பின்னரும் ஜோக்கர் வழமைபோல் மீண்டும் மீண்டும் வந்தான். 2005இல், இறந்த அந்த ராபினும் மீண்டு வந்தான்.

இவற்றின் விளைவாக வாசகர் மனத்திலே ஒரு வினா தலைதூக்குகிறது. இத்தனை பேரைக் கொன்றவனை மீண்டும் மீண்டும் தப்பவிடும் தலைவனும் அக்கொலைகளுக்குப் பொறுப்பாளி அல்லனா? பகைவனின் அளவுமீறிய மீள்வருகை அவனை மட்டும் மலினப்படுத்தவில்லை. தலைவனின் அறத்தையும் அது ஐயத்துக்கு உள்ளாக்கிவிடுகிறது.

4. தமிழ் வாசகரின் அனுபவம்

அமெரிக்க அதிவீரர்களைத் தமிழ் வாசகர் பெருமளவில் அறிந்துகொண்டது திரைப்படங்களும் தொலைக்காட்சியும் பரவிய பின்னரே. அதற்கு முன்னர் தமிழ்ச் சிறுவர் கையில் இருந்தவை சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் முதலியனவாகும். இலங்கையிலே 1970களின் முற்பகுதியில் தென்னிந்திய சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. 1977க்குப் பின் அவை மீண்டும் பரவலாக வரத் தொடங்கின. அட்டை கிழிந்து, நடுப்பக்கம் கழன்று, கைமாறிக் கைமாறி வாசிக்கப்பட்ட இவ்விதழ்களை ஈழத்துச் சிறுவர் பலரின் முதல் வாசிப்பு நூல்கள் எனினும் தகும்.

1972இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் நாயகனாகிய இரும்புக்கை மாயாவி, 1962இல் பிரித்தானிய வார இதழொன்றிற் பிறந்தவன். மின்சாரம் பாயும்போது அவனது உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் வெளித்தெரியும். ஆனால் தமிழ் வாசகர் போற்றிய இந்நாயகன், தனது மூலக்கதையின் தொடக்கத்திலே குற்றங்களில் ஈடுபட்ட எதிர்நாயகனே ஆவான். பின்னரே அவன் திருந்தி, இரகசியப் படையொன்றின் உறுப்பினனாகிறான்.

1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் பரப்பிய ஸ்பைடர் என்பானும் இவ்வாறே. அமெரிக்க ஸ்பைடர்மனுடன் இவனை மயங்குதல் கூடாது. 1965இல் பிரித்தானியாவிற் படைக்கப்பட்ட இவன், குற்றவாளிகளின் பேரரசனாக வேண்டும் என்ற வேட்கையுடன் அறிமுகமாகிறான். சுப்பர்மனைப் படைத்த இருவருள் ஒருவரான ஜெரி சீகல் இக்கதையை எழுத முற்பட்டதன் பின்னர், அவன் ஏனைய குற்றவாளிகளை ஒழிப்பவனாக முற்றாக மாற்றம் பெற்றான். ஆணவம் மிக்க அவனது பேச்சே சிறுவரைக் கவர்ந்தது.

எதிர்நாயகன் நாயகனாக மாறும் கணம் வாசகரைப் பெரிதும் ஈர்க்கிறது என்பதை இவ்விரு சான்றுகளும் காட்டுகின்றன. ஆயினும் அம்மாற்றம் நிகழ்ந்த பின்னர் கதை பழைய தடத்துக்கே திரும்பிவிடுகிறது. மாறிய நாயகனுக்குப் புதிய பகைவர் தேவைப்படுகின்றனர். அவர்கள் ஒருவரை மற்றவர் விஞ்சும் விந்தைக் கருவிகளுடன் வந்து வந்து தோற்கின்றனர். அவர்களுட் பெரும்பாலாரின் பெயரை இன்று எவரும் நினைவுகூர்வதில்லை. இதே லயன் காமிக்ஸ் பிற்காலத்தில் 'இரத்தப் படலம்' என்னும் பெயரில் வெளியிட்ட பெல்ஜியத் தொடரில், தலைவன் தன் பெயரையும் கடந்த காலத்தையும் மறந்தவன். தான் நல்லவனா கொலைகாரனா என்பதையே அவன் அறியான். விந்தைப் பகைவர் எவருமின்றியே அது நெடுங்காலம் வாசகரைப் பிணித்து வைத்தது. தன்னையே ஐயுறும் ஒருவனின் தேடலுக்கு, தோற்பதற்கென்றே வரும் பகைவர் தேவைப்படவில்லை.

5. கோணமாமலையும் இராவணனும்

இனித் திருகோணமலை மரபினை நோக்குவோம். துறைமுகத்தின் வெளிவாயிலை நோக்கி நிற்கும் கோணமாமலையின் உச்சியிலே கோணேசர் ஆலயம் அமைந்துள்ளது. ஆலயத்தின் அருகே, கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் பாறையிற் காணப்படும் ஆழ்ந்த பிளவு 'இராவணன் வெட்டு' என வழங்கப்படுகிறது. நோயுற்றிருந்த தன் தாய் இருந்த இடத்திலேயே இறைவனை வழிபடும் பொருட்டு, இராவணன் இம்மலையை வாளால் வெட்டிப் பெயர்க்க முற்பட்டான் என்றும், இறைவன் அதனைத் தடுத்தான் என்றும், அதனிடையே தாய் இறந்தாள் என்றும் செவிவழிக் கதை கூறும். அவளுக்குரிய ஈமக்கடன்களைச் செய்தற்கு அவன் வாளை ஊன்றிய இடங்களிலே ஊற்றெடுத்தவையே கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் என்பது அதன் தொடர்ச்சி. அக்கிணறுகளின் அருகே இறந்தோருக்கான அந்தியேட்டிக் கிரியைகளைச் செய்யும் வழக்கம் இப்பகுதித் தமிழரிடையே நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது.

இங்கு நாம் காணும் இராவணன் யார்? இராமகதையின் எதிர்நாயகனே அவன். இறைவனின் மலையைப் பெயர்க்க முனையும் ஆணவமும் அவனிடம் உண்டு. இக்கதை அவனது குற்றத்தை மறைக்கவில்லை. ஆயினும் அக்குற்றத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. அக்காரணம் எந்த மகனும் உணரக்கூடியது. அவன் இழப்பது தன் தாயை, அவ்விழப்பு மீளாதது. தம் தாய் தந்தையருக்குக் கடன் கழிக்கக் கன்னியாவுக்குச் சென்றவர்கள், ஓர் எதிர்நாயகன் தன் தாய்க்காகச் செய்த கிரியையின் வழியிலேயே நின்றனர். பகைவனின் துயரம் ஒரு சமுதாயத்தின் துயரச் சடங்குக்கு முன்மாதிரியாக அமைந்தமை வேறெங்கும் எளிதிற் காணக்கிடைப்பதன்று.

திருஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டிலே இத்தலத்தின்மீது பதிகம் பாடியுள்ளார். அவர் தம் பதிகங்களுட் பெரும்பாலானவற்றின் எட்டாம் பாடலில் இராவணன் கயிலையை எடுத்த செய்தியை அமைத்தலை மரபாகக் கொண்டவர். கோணமாமலைப் பதிகத்தின் எட்டாம் பாடலிலும் அச்செய்தி இடம்பெறுகின்றது. அங்கு இராவணனின் பெயர் கூறப்படவில்லை. மலையை எடுத்தவன் என்னும் குறிப்பே போதுமானதாக உள்ளது. கேட்போர் அனைவரும் அவனை அத்துணை அறிந்திருந்தனர். சம்பந்தர் பாடியவற்றுள் இன்று கிடைக்கும் பதிகங்கள் முந்நூற்றுக்கும் மேற்பட்டவை. அங்ஙனமாயின், உலக இலக்கியத்திலே மிக அதிகமாகப் பயன்படுத்தப்பட்ட எதிர்நாயகருள் ஒருவனாக இராவணனைக் கொள்ளுதல் தவறாகாது.

அவ்வாறிருந்தும் அப்பாடல்கள் சலிப்பூட்டாமைக்குக் காரணம் யாது? ஒவ்வோர் எட்டாம் பாடலும் ஒரு முழுமையான கதையைச் சுருக்கமாகத் தன்னுள் அடக்கியுள்ளது. செருக்குற்றான், மலையை எடுத்தான், இறைவனின் கால்விரலால் நெரிக்கப்பட்டான், அலறினான், இசைபாடி ஏத்தினான், அருள் பெற்றான் என அது நிறைவுறும். பாடல் முடியும்போது இராவணன் தொடக்கத்தில் இருந்தவன் அல்லன். அடுத்த பதிகத்தில் அவன் மீண்டும் தோன்றும்போது, முன்னைய தோல்வியிலிருந்து தப்பி வந்தவனாக அவனை எவரும் கருதுவதில்லை. கதையே முதலிலிருந்து மீண்டும் சொல்லப்படுகின்றது.

6. சூரன் போரும் கூத்துக்களரியும்

இவ்வேறுபாட்டைச் சடங்கிலே மேலும் தெளிவாகக் காணலாம். ஐப்பசி மாதத்துக் கந்தசட்டியின் இறுதி நாளிலே முருகன் ஆலயங்களில் சூரன் போர் நிகழ்த்தப்படுகின்றது. திருகோணமலையிலும் சிறுவர்கள் இதனைத் தந்தையரின் தோளிலிருந்து கண்டு வளர்கின்றனர். யானைமுகம், சிங்கமுகம், சூரனின் சொந்த முகம் எனத் தலைகள் மாறுகின்றன, சூரன் மாமரமாகிறான், ஈற்றில் மயிலும் சேவலுமாகி முருகனின் ஊர்தியும் கொடியும் ஆகின்றான். அடுத்த ஆண்டு என்ன நடக்கும் என்பது கூடியிருப்போர் அனைவருக்கும் தெரியும். எனினும் கூட்டம் குறைவதில்லை.

கச்சியப்ப சிவாசாரியரின் கந்தபுராணம் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களால் இக்கதையை விரித்துரைக்கின்றது. அங்கே சூரபதுமன் முருகனின் பெருவடிவைக் கண்டு ஒருகணம் உள்ளம் நெகிழ்ந்து வியந்து நிற்கும் இடம் சிறப்பானது. அந்நெகிழ்ச்சி நீடிப்பதில்லை, மீண்டும் சினங்கொண்டு பொருகின்றான். ஆனால் அந்த ஒருகணம் அவன் மாறக்கூடியவன் என்பதைக் காட்டிவிடுகின்றது. ஆதலின் அவன் மயிலாகும்போது அது திடீர் விந்தையாகத் தோன்றுவதில்லை.

கிழக்கிலங்கைக் கூத்து மரபும் இவ்வகையிற் கருதத்தக்கது. வட்டக்களரியிலே தோன்றும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உரிய 'வரவு' உண்டு. அண்ணாவியாரின் மத்தளத்துக்கேற்பத் தருமன் ஆடி வருவது போலவே துரியோதனனும் தனக்குரிய தாளக்கட்டோடு ஆடி வருகின்றான். தன்னை யாரெனத் தானே பாடி அறிவிக்கின்றான். பகைவனுக்கும் அவையின்முன் தன் வழக்கை எடுத்துரைக்கும் உரிமை அங்கு உண்டு. வடமோடிக் கூத்தின் பாரதப் போர்க்கதைகளைக் கண்டோர் விடியற்காலையில் வீடு திரும்புங்கால், கௌரவரின் வீழ்ச்சிக்கு மகிழ்ந்தவராக மட்டும் திரும்பியிரார்.

இம்மரபினை நவீன அரங்குக்குக் கொணர்ந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 'இராவணேசன்' என்னும் நாடகத்தை நெறிப்படுத்தினார். சி. மௌனகுரு இராவணனாக ஆடினார். மகனையும் சுற்றத்தையும் போரில் இழந்து, தன் செயலின் விளைவு முன்னே நிற்கும்போதும் மானம் காரணமாகப் பின்வாங்க இயலாத ஒருவனின் உளப்போராட்டத்தை அந்நாடகம் மையமாகக் கொண்டது. பழைய எதிர்நாயகன் புதிய அரங்கில் புத்துயிர் பெற்றமைக்கு அவனது ஆற்றல் கூட்டப்பட்டமை காரணமன்று. அவனது இழப்புக்கள் கணக்கில் எடுக்கப்பட்டமையே காரணமாகும்.

7. மீளவருதலும் மீளவுரைத்தலும்

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். எதிர்நாயகன் இருவகையாகப் பயன்படுத்தப்படுகின்றான். ஒன்று, மீளவுரைத்தல்: முடிவுடைய ஒரு கதை, அம்முடிவுடனேயே மறுபடியும் சொல்லப்படுகின்றது. மற்றையது, மீளவருதல்: முடிவு நீக்கப்பட்டுப் பகைவன் அடுத்த கதைக்கு அனுப்பப்படுகின்றான். முன்னையதில் ஒவ்வொரு முறையும் தோல்வி முழுத்தோல்வி, இழப்பு முழு இழப்பு. பின்னையதில் முந்திய தோல்விகள் அனைத்தும் அடுத்த வருகையாற் செல்லாதனவாகின்றன. ஆகவே, தேய்வுக்குக் காரணம் பயன்பாட்டின் எண்ணிக்கையன்று. ஒவ்வொரு பயன்பாடும் முன்னையதை அழித்துவிடுவதேயாகும்.

தப்பிச் செல்லும் பகைவன் ஒரு கதைக்குள் வருதல் கூடாது என்பதன்று இதன் பொருள். கம்பராமாயணத்திலே முதல் நாட் போரில் படையும் கருவியும் இழந்து நிற்கும் இராவணனை இராமன் கொல்லாது அனுப்பிவிடுகின்றான். சித்திரக்கதையாயின் அவன் அடுத்த இதழில் புதிய கருவியோடு நகைத்துக்கொண்டு வருவான். கம்பனோ, அன்றிரவு வெறுங்கையோடு இலங்கைக்குத் திரும்பும் அவனைப் பின்தொடர்கின்றான். வானவரும் மண்ணவரும் நகைப்பார்களே என்பதைவிடச் சானகி நகைப்பாளே என்ற நாணமே அவனை வாட்டுகிறது. உயிர்தப்பியமை அவனுக்கு இறப்பினும் கொடிய தண்டனையாகிறது. மறுபடியும் களத்துக்கு வருபவன் முதல்நாட் சென்ற இராவணன் அல்லன்.

அமெரிக்க எழுத்தாளர்களும் இவ்வுண்மையை அறியாதவர்களல்லர். 1963இல் எக்ஸ்-மென் கதையில் தோன்றிய மக்னீற்றோ தொடக்கத்திலே உலகை ஆளவிரும்பும் வழமையான பகைவனே. நாசிகளின் அவுஷ்விற்ஸ் முகாமிலே வளர்ந்தவன் அவன் என 1981இல் வெளிப்படுத்தப்பட்டபோது, அவனது கடுமைக்கு ஒரு வரலாறு கிடைத்தது. அதன் பின்னர் அவனது மறுவருகைகள் வாசகரை நோக்கிய வினாக்களாயின.

எனினும் இவ்வழியும் மிகைபட்டால் புதிய சலிப்புக்கே இட்டுச்செல்லும். 1988இல் ஸ்பைடர்மனின் பகைவனாகத் தோன்றிய வெனம், 1993இல் தனித்தொடரின் நாயகனானான். 2019இல் வெளிவந்த 'ஜோக்கர்' திரைப்படம் எதிர்நாயகனையே மையப்பாத்திரமாக்கியது. ஒவ்வொரு பகைவனுக்கும் ஒரு துயர இளமை கற்பிக்கப்படுமாயின் அதுவும் விரைவில் வாய்பாடாகிவிடும். தமிழிலே இதற்கு நிகரான முயற்சி முன்னரே நடந்தேறியது. புலவர் குழந்தை 1946இல் வெளியிட்ட 'இராவண காவியம்' இராவணனைத் தன்னேரில்லாத் தலைவனாக்கிற்று. 1948இல் சென்னை அரசு அதனைத் தடைசெய்து, 1971இல் தடை நீக்கப்பட்டது. அதன் வரலாற்று முக்கியத்துவம் பெரிது. ஆயினும் கதையமைப்பு என்ற வகையில் நோக்கின், அங்கு எதிர்நாயகனின் இருக்கை வெறுமையாகவில்லை. இராமன் அதில் அமர்த்தப்பட்டான். ஆட்களை இடம்மாற்றுவது வேறு, பகைமையின் தன்மையை விளங்கிக்கொள்வது வேறு. கன்னியாக் கதை இரண்டாவதையே செய்கின்றது. அங்கு இராவணன் குற்றமற்றவனாக்கப்படவில்லை. குற்றமுடையவனாகவே இருந்துகொண்டு தாயை இழந்த மகனாகவும் இருக்கின்றான்.

8. முடிவுரை

சித்திரக்கதையிற் பகைவன் தேய்ந்தாலென்ன வளர்ந்தாலென்ன என்று ஒருவர் வினவலாம். சிறுவர் இலக்கியம் என அதனை ஒதுக்கும் மனப்பான்மை நம் ஆய்வுலகில் உண்டு. ஆனால் பகைவன் என்பவன் யார், அவன் ஏன் பகைக்கின்றான் என்பதைப் பெரும்பாலான மாந்தர் முதன்முதலிற் கற்றுக்கொள்வது பத்து வயதுக்குள் கேட்ட கதைகளிலிருந்தும் படித்த படங்களிலிருந்துமே. எத்தனை முறை தோற்கடித்தாலும் பகைவன் மாறாதவனாகத் திரும்பி வருவான். அவனுக்குக் காரணம் இல்லை, துயரம் இல்லை, தாய் இல்லை என்பதே ஒரு சிறுவன் திரும்பத் திரும்பப் பெறும் பாடமாயின், வளர்ந்த பின்னர் அவன் தன் அயலவனை எவ்வாறு நோக்குவான்?

தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழ்ந்து, நீண்ட போரினால் இடம்பெயர்ந்தும் உறவுகளை இழந்தும் துன்புற்ற ஒரு மாவட்டத்திலே இவ்வினா வெறும் இலக்கிய வினாவாக நின்றுவிடுவதில்லை. மற்றவரை மாறாத பகைவராகச் சித்திரிக்கும் கதைகள் எல்லாத் தரப்பிலும் எளிதிற் பிறப்பன, எளிதில் அழியாதன. பகைவனுக்கும் ஒரு வரவும் ஒரு தாளக்கட்டும் தந்து, அவன் வாய்மொழியைக் கேட்டபின்னரே போரை நிகழ்த்திய கூத்துக்களரியின் மரபு இப்பின்னணியிற் பெருமதிப்புடையது.

ஆகவே, தமிழிலே சித்திரக்கதை படைக்க விழையும் இளைஞர்கள், தேய்ந்துபோன அந்நியப் பகைவர்களைப் பிரதிசெய்வதை விடுத்து, இம்மரபின் கதையமைப்பை ஊன்றிக் கற்றல் நன்று. கதைக்கு முடிவு இருக்கட்டும். பகைவனுக்கு இழப்பதற்கு ஏதேனும் இருக்கட்டும். மறுபடியும் சொல்லவேண்டுமாயின் முதலிலிருந்தே சொல்லட்டும். மேலும், திருகோணமலை மாவட்டத்துக் கிராமங்களிலே முதியோர் நாவில் வழங்கும் இராவணன் கதைகளும், அண்ணாவிமாரின் கையெழுத்து ஏடுகளிலுள்ள கூத்துப் பாடங்களும் முறையாகத் தொகுக்கப்படுதல் வேண்டும். போர்க்காலத்து இடம்பெயர்வுகளின்போது ஏடுகளைக் காத்துக்கொள்ளல் எல்லார்க்கும் இயன்றதன்று. எஞ்சியவற்றை அறிந்தோரும் முதுமையெய்தி வருகின்றனர். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் மாணவரைக் கொண்டு இப்பணியைக் காலந்தாழ்த்தாது மேற்கொள்ளுமாயின், அது ஆய்வுக்கு மட்டுமன்றி வருங்காலப் படைப்புக்கும் உறுதுணையாகும்.